ஒரு பாடம் பாக்கி

படிக்காமல் கோட்டை விட்டவர்களை ஊரில் நிறையப் பார்க்கலாம். படித்தே கோட்டை விட்டவள் இந்தக் கண்ணாடிக்கடைக்காரி ஒருத்திதான்.

ஆங்கில இலக்கியம்தான் மேஜர், அதாவது முக்கியப் பாடம் என்று கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு நாவல், நாவல், நாவல்தான். நாவல் வகுப்பு எங்கே நடந்தாலும் முதல் வரிசையில் அவள் இருப்பாள். கூடப் படித்தவர்கள் அவளை 'நாவல்' என்றே கூப்பிட்டார்கள். ஆனால் பட்டம் கொடுக்கிறவன் நம் ஆசையைப் பார்த்தா கொடுக்கிறான்? கொஞ்சம் நாடகம், கொஞ்சம் மொழி வரலாறு, கட்டாயமாக ஒரு பழைய கவிதை என்று கணக்கு வைத்திருந்தார்கள். பழைய கவிதை என்றால் நானூறு, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலம். புத்தகத்தைத் திறந்த வேகத்திலேயே மூடி வைத்துவிடுவாள். அடுத்த டெர்ம் பார்க்கலாம், அடுத்த டெர்ம் பார்க்கலாம் என்று தள்ளித் தள்ளி, கடைசி டெர்மில் வேறு வழியில்லாமல் பேரைக் கொடுத்தாள். கொடுத்த வாரமே அப்பாவுக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. அவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையைப் பார்க்க வேறு ஆளில்லை. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான், வேறென்ன!

அதற்கப்புறம் கண்ணாடியே வாழ்க்கையாகிவிட்டது. சுற்றுகிற கல்லில் லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது, கடுகளவு திருகாணியைக் கீழே போட்டுவிட்டு மண்டி போட்டுத் தேடுவது, ஃப்ரேம் காதில் அழுத்துகிறது என்று வருகிறவருக்குக் கம்பியைச் சூடு காட்டி வளைப்பது. அந்தக் கடையிலேயே கல்யாணம் பேசி முடித்து, அந்தக் கடையிலேயே தலையும் நரைத்தது.

போன வாரம் எதிர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை கண்ணாடி மாற்ற வந்தார்.

"எங்க இங்கிலீஷ் டீச்சர் வேலைய விட்டுப் போறாங்க. என் பொண்ணுக்கு நீங்க கதை சொல்லிக் குடுத்ததப் பாத்திருக்கேன். வயசெல்லாம் நான் பாக்கறதில்ல, பள்ளி திறக்கறதுக்குள்ள பட்டத்தோட வாங்க, வேலை உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆளப் போட்டுடுவேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது."

வாழ்க்கையில் அவள் வேண்டும் என்று ஏங்கியது அந்த ஒரு வேலைதான். பழைய மாணவர்கள் விட்ட பாடத்தை இந்த வருஷம் முடித்துக்கொள்ளலாம் என்று கல்லூரியில் அறிவித்திருப்பதும் தெரியும். ஆனாலும் தயங்கினாள். அவள் வீட்டுக்காரர்தான் பொறுக்காமல், "போய்க் கேளேன். கேட்டா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?" என்று விரட்டினார்.

போனாள். படிக்கட்டில் நடு மட்டும் தேய்ந்து பள்ளமாகியிருந்தது. நூலக வாசலில் புத்தகம் திருப்பிப் போடுகிற மரப்பெட்டி, மழை நாளில் எல்லோரும் ஒண்டி நிற்கிற வளைவு, தரை மெழுகின் வாசனை எல்லாம் அப்படியே இருந்தன. இருபது வயசுப் பெண்கள் மடியில் புத்தகத்தைப் போட்டுக்கொண்டு எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். 'நான் இங்கேயே இருந்திருக்க வேண்டியவ' என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள்.

ஆங்கிலத் துறைத் தலைவர் யார் தெரியுமா? சாட்சாத் மைனர்! அவள் படித்த காலத்தில் இயற்பியல் படிக்க வந்தவன். ஆங்கிலம் அவனுக்குத் துணைப்பாடம், அதாவது மைனர். ஒட்டடைக்குச்சி உடம்போடு, துவைத்துத் துவைத்து வெளுத்த ஒரே சட்டையில் வருகிறவனுக்கு அந்தப் பேரை வைத்தவள் இவள்தான். அவனும் இல்லாத மீசையை முறுக்கிக் காட்டுவான்.

"வணக்கம் சார்" என்றாள் கதவருகே நின்று.

"சார் கீர்னு சொன்னா அப்படியே திரும்பிப் போயிடு, நாவல். வா, உக்காரு!"

வந்த காரியத்தைச் சொல்லி விண்ணப்பத்தை எடுத்தாள். "நாவல் பாடந்தான் எனக்குத் தேவைக்கு மேல கெடக்கே. அதுல ஒண்ண பழைய கவிதைக்குப் பதிலா வெச்சுக்கலாம்னு தலைவர் கையெழுத்துப் போட்டாப் போதுமாம்."

"உனக்கில்லாத கையெழுத்தா? குடு இப்படி."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அவன் மேஜையைக் குடைந்து பேனாவைத் தேடினான். பாரம் இறங்கிய தெம்பில் அவளுக்குப் பழைய வாய் திரும்பிவிட்டது. "ஆமா, மைனரா இருந்தவன் எப்படிடா இங்கிலீஷுக்கே தலைவனான?"

"எல்லாம் உன்னாலதான். பழைய கவிதைய ரெண்டு பேரும் சேந்து எடுப்போம், நீ அர்த்தத்தப் பாத்துக்க, நான் தைரியம் சொல்றேன்னு சொன்னியே. நீ வரலேன்னதும் நானும் பேர எடுத்துட்டேன். அடுத்த டெர்ம் குடுத்தேன். நீ வரல, திரும்ப எடுத்துட்டேன். நடுவுல சும்மா இருப்பானேன்னு நாடகம், மொழி வரலாறுன்னு கெடச்சத எல்லாம் படிச்சேன். ஒரு நாள் ஆபீஸ்ல கூப்பிட்டு, தம்பி, இங்கிலீஷ் மேஜருக்கே உனக்கு இன்னும் ஒரு பாடந்தான் பாக்கின்னாங்க."

"எந்தப் பாடம்?"

"கேக்கறா பாரு கேள்வி! அதேதான். கடைசியில தனியாத்தான் படிச்சேன். பக்கத்து நாற்காலில என் பைய வெச்சு எடம் பிடிச்சுக்கிட்டு."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "ஒரு வார்த்தை வந்து சொல்லக் கூடாதா?"

"வந்தேன். ஒரு கையால உங்கப்பாவுக்கு வாயத் தொடச்சுவிட்டு, மறு கையால ரசீது எழுதிக்கிட்டு இருந்த. உங்கிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு கவிதையப் பத்திப் பேசறது? வாசலோட திரும்பிட்டேன்."

பேனா கிடைத்துவிட்டது. மூடியைக் கழற்றும்போது துறை உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"சார், பழைய கவிதைக்கு நாலு பேர்தான் சேந்திருக்காங்க. அஞ்சு பேர் இல்லேன்னா வகுப்பு கெடையாதுன்னுட்டாங்க. அழிச்சுடவா?"

"அழிச்சுடுங்க" என்றான் மைனர், தலையை நிமிர்த்தாமல். அவர் போய்விட்டார்.

"யார் எடுக்கற வகுப்பு?"

"நான்தான். அடுத்த வருஷம் நான் ரிட்டயர்டு. விடு, நல்லா ஓடின வகுப்புதான்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா கையெழுத்தா கேப்ப? உனக்கு வேலை முக்கியம். பேசாம இரு."

டெர்ம் முடிவதும் பள்ளி திறப்பதும் அடுத்தடுத்த வாரம். தேறினால் வேலை கிடைக்கும். தவறினால் வேலையும் போச்சு, வயசும் போச்சு. "நான் எழுதி, தேறலேன்னா? எனக்காகப் பாத்துப் போடுவியா?"

"அரை மார்க் கூட போட மாட்டேன். அசடே, கையில வந்தத வாங்கிக்கிட்டுப் போ."

பேனா காகிதத்தில் பட்டுவிட்டது.  வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, தலைமை ஆசிரியை என்ன நினைப்பாரோ, எல்லாம் ஒரு தரம் வந்து போயிற்று. அவள் காகிதத்தைச் சட்டென்று அவன் கைக்கடியிலிருந்து உருவிக்கொண்டு, எழுந்து வாசலுக்கு ஓடினாள்.

"ஐயா, ஐயா! அழிக்காதீங்க. அஞ்சாவது ஆள் இருக்கு."

உதவியாளர் திரும்பினார். "யாரும்மா?"

"நான்தாங்க. வர்றதுக்குக் கொஞ்சம் நேரமாயிடுச்சு."