பிறைத் தழும்பு

அந்த வீட்டில் ஈரமில்லாத அறை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதில் மனிதர் யாரும் வசிக்கவில்லை.

கீழ்த்தளத்து வீடு. மற்ற இடமெல்லாம் சுவர் வியர்க்கும். ஹாலில் சுண்ணாம்பு செதில் செதிலாக உதிரும். துவைத்து மடித்து வைத்த துணி மூன்றாம் நாளே பூசண வாசம் அடிக்கும். கடைசி அறையில் மட்டும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் மெஷின் ஒன்று ஓயாமல் உறுமிக்கொண்டிருந்தது. அதன் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் காலையில் எடுத்துக் கொட்டி, துணியால் துடைத்துத் திரும்பச் செருகுவது கணவனின் வேலை. சாப்பிட்ட தட்டை எடுத்துக் கழுவப் போட்ட வரலாறு அவனுக்கு இல்லை. ஆனால் அந்த மெஷின் தொட்டியைக் குழந்தையைக் குளிப்பாட்டுவதுபோல் துடைப்பான். வேலை பார்ப்பது குடிநீர் வாரியத்தில். வீட்டுக்கு வந்தால் தண்ணீர்தான் ஜென்ம விரோதி.

அறையில் குடியிருந்தவை இருநூற்றுப் பதினோரு வீடியோ கேம் பெட்டிகள். எல்லாம் முப்பது வருஷப் பழசு, எல்லாம் பிரிக்காதவை. அட்டைப்பெட்டி, அதன்மேல் இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் உறை, அதற்கும் மேல் அக்ரிலிக் கூடு. உள்ளே இருக்கும் கேசட்டை அவன் கண்ணால் பார்த்ததில்லை. பார்த்தால் மதிப்பு போய்விடுமாம். பரணில் ஒரு பழைய கேம் மெஷின் கிடந்தது. அவன் சின்ன வயதில் அதை விளையாடித் தொலைத்துவிட்டான். அந்தப் பாவத்துக்கு இப்போது அது ஓட்டைக் குடையோடும் உடைந்த மின்விசிறியோடும் படுத்துக் கிடந்தது.

அவன் மனைவி, அதாவது அந்த வீட்டு மருமகள், பேக்கிங் கம்பெனி ஒன்றில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். சோப்பு செட், நோட்டுக் கட்டு, கரண்டி செட் எது வந்தாலும் பிளாஸ்டிக் தாளை இழுத்துச் சுற்றி, சூட்டுக் கம்பியை அழுத்தி ஒட்டி, வெந்நீர்ச் சூட்டுக்குக் குறையாத காற்றை ஊதினால் தாள் சுருங்கித் தோல் மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஒரு நாளைக்கு எண்ணூறு உருப்படி. உறை என்பது பிரித்துக் குப்பையில் போடுவதற்கு என்றுதான் அவள் இத்தனை நாளும் நம்பியிருந்தாள். கணவனுக்கோ உறைதான் எல்லாம்.

இந்தக் கூத்தை அவள் சிரித்துக்கொண்டே சகித்திருப்பாள். மாமனாருக்கு மூச்சுத் திணறல் வரும்வரை சகித்தும் இருந்தாள்.

மாமனார் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்பது வருஷத் தூசி நெஞ்சில் படிந்துபோய், ஹாலில் ஈரச் சுவரை ஒட்டிய கட்டிலில் உட்கார்ந்தபடியே தூங்குவார். படுத்தால் மூச்சு வராது. அந்த வருஷத்தில் மட்டும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. இரண்டாவது தடவை டாக்டர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டார்: ஈரமில்லாத அறையில் படுக்க வையுங்கள், அடுத்த தடவை வந்து சேருவதற்குள் உயிர் இருக்குமா என்று நான் உத்தரவாதம் தர முடியாது.

அன்று சாயங்காலமே அவள் கணவனிடம் பேச்சை எடுத்தாள். அந்த அறையில் ஒரு கட்டில் தாராளமாகப் போடலாம். பெட்டிகளைக்கூட நகர்த்த வேண்டாம் என்றாள்.

அவன் அவளைப் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தான். "மனுஷ மூச்சுல ஈரம் இருக்கு. அப்பா ஒரு வாரம் அங்க படுத்தாப் போதும், அட்டை உப்பிடும்."

இதை அவன் தாழ்ந்த குரலில்கூடச் சொல்லவில்லை. ஹாலில் இருந்த பெரியவர் காதில் விழுந்தது. அவர் ஒன்றும் கேட்காதவர் மாதிரி டிவி சத்தத்தைக் கூட்டினார். அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற அப்பன் மூச்சு விடுவதற்குப் பயப்படுகிற மகனை அவள் அதுவரை பார்த்ததில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவனுடைய கூட்டாளிகள் வந்தார்கள். புதிதாக ஒரு பெட்டி வாங்கியிருந்தான். அதற்காகத் தன் ஸ்கூட்டரை விற்றுவிட்டு இப்போது பஸ்ஸில் போகிறான். பெட்டியைப் பரிசோதித்து, அசல்தான் என்று சான்றிதழ் எழுதித் தர ஒருவர் வந்திருந்தார். பூதக்கண்ணாடி என்று அவருக்குப் பெயர். கூட வந்தவர்களில் ஒருவருக்குத் தூசி என்று பெயர். எதைத் தொடுவதற்கு முன்னாலும் அதன்மேல் ஃபூ என்று ஊதிவிட்டுத்தான் தொடுவார். மற்ற இருவருக்குப் பட்டப்பெயர் வைக்கும் அளவுக்கு விசேஷம் எதுவும் இல்லை.

ஐந்து பேரும் ஒன்றாக உள்ளே போனால் ஐந்து பேர் மூச்சும் சேர்ந்துவிடுமாம். அதனால் பூதக்கண்ணாடி மட்டும் கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு, ஆபரேஷன் செய்யப்போகிறவர் தோரணையில் உள்ளே போனார். உருப்பெருக்கியைக் கைபேசியில் மாட்டி, படத்தை ஹால் டிவியில் விழும்படி செய்திருந்தார். மற்றவர்கள் நாற்காலி போட்டு அமர்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் கட்டிலில் மாமனாரின் நெஞ்சு விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

டீ கொண்டுவந்தவள் டிவியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டாள். உறையின் ஒட்டு, வாய்க்கால் வரப்பு மாதிரி திரை முழுக்க ஓடியது. அதன் ஓரத்தில், வெட்டிப் போட்ட நகத்துண்டு போல வளைந்த ஒரு சின்ன வடு.

"இதோ, பிறைத் தழும்பு," என்றது உள்ளேயிருந்து பூதக்கண்ணாடியின் குரல். நாலு பேரும் பெருமூச்சு விட்டார்கள். அவர் அங்கிருந்தே விளக்கவுரை நிகழ்த்தினார். கேம் செய்த தொழிற்சாலையின் முதல் வருஷத்து மெஷினில் மட்டும் விழுந்த வடுவாம் அது. முதல் வருஷத்துப் பெட்டியில் இது இருந்தால் அசல், இல்லாவிட்டால் போலி. இந்த உண்மையைக் கண்டுபிடித்ததே தான்தான் என்றும், இதோடு சேர்த்து ஐம்பது பெட்டிகளை இதை வைத்தே அசல் என்று தீர்த்திருப்பதாகவும் சொன்னார். தூசி தன்னிடமிருந்த ஒரு பெட்டியில் பிறை இல்லாததால், போலி என்று அதை அக்கா பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டதைப் பெருமையாக நினைவுகூர்ந்தார். அவர்கள் உறையைக் கிழித்து எறிந்துவிட்டு விளையாடிக்கொண்டிருக்கிறார்களாம்.

மருமகள் டீத் தட்டை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அந்தப் பிறையை அவள் தினமும் எண்ணூறு தடவை பார்க்கிறாள். ஐந்து வருஷத்துக்கு முன்னால் கத்தரிக்கோல் கை தவறி விழுந்து சூட்டுக் கம்பியில் ஒரு பள்ளம் விழுந்தது. அன்றிலிருந்து அவள் மெஷினில் ஒட்டுகிற ஒவ்வொரு உறையிலும் அதே இடத்தில் அதே வடு. கம்பியை மாற்றச் சொல்லி மேற்பார்வையாளரிடம் சொல்லிச் சொல்லி நாக்கு தேய்ந்ததுதான் மிச்சம். நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய சாமான் வியாபாரி ஒருவர் அட்டைப்பெட்டிகளை மூட்டையாகக் கொண்டுவந்து, தூசி படாமல் இருக்க உறை போட்டுத் தரச் சொன்னதும் ஞாபகம் வந்தது. சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஐம்பதையும் போட்டுக் கொடுத்திருந்தாள். கணவனுக்கு அப்போது இந்தப் பித்து பிடிக்கவில்லை. பிடித்த பிறகு அவளை அந்த அறைக்குள் விட்டதில்லை, கையில் பசை இருக்குமாம்.

அப்போதே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் உருப்பெருக்கி வைத்திருக்கிறவர்களிடம் வெறும் வாயால் சொல்லி என்ன பிரயோஜனம்? காதில் வாங்க மாட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சான்றிதழ் கொடுக்கும் வைபவம். அவள் ஐந்து தட்டில் பிஸ்கட் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் கம்பெனியில் உறை போட்டுக் கொண்டுவந்திருந்தாள். ஹாலில் ஆளுக்கொன்றாக வைத்துவிட்டு, மாமனாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் நெபுலைசரை மூக்கில் மாட்டிக்கொண்டு கண்ணயர்ந்திருந்தார்.

பூதக்கண்ணாடி உறையைக் கிழிக்கப் போனார். பழக்க தோஷம், கை முதலில் ஒட்டைத் தடவியது. தடவிய விரல் ஓரிடத்தில் நின்றது. சட்டைப்பையிலிருந்து உருப்பெருக்கியை எடுத்தார். தன் தட்டைப் பார்த்தார், பக்கத்துத் தட்டைப் பார்த்தார், ஐந்து தட்டையும் பார்த்தார். பேயறைந்த மாதிரி ஆனார்.

"சிஸ்டர், இது எங்க கிடைச்சுது?"

"என் மெஷின்ல போட்டதுங்க. கம்பியில பள்ளம் இருக்கு, கத்தரிக்கோல் விழுந்தது. மாத்தச் சொல்லிக் கேட்டுட்டே இருக்கேன். உங்க ஐம்பது பெட்டியும் நான் போட்டதுதான்."

வியாபாரியின் அடையாளத்தையும் மூட்டையின் கணக்கையும் சேர்த்தே சொன்னாள். தூசி மெல்ல இரண்டு கையையும் தலைமேல் வைத்துக்கொண்டார். அக்கா பிள்ளைகள் கிழித்து எறிந்த உறை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும். அதுதான் உண்மையில் தொழிற்சாலை உறை.

கணவன் அசரவில்லை. அதெப்படி, தற்செயலாக ஒன்றுபோல் இருக்கலாம் என்றான். பிரித்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே, உள்ளே இருக்கும் கேசட் தேய்ந்ததா புதுசா என்று அவள் கேட்டாள்.

"பிரிச்சா மதிப்பு போயிடும்."

"நான் போட்ட உறைன்னா போறதுக்கு என்னங்க இருக்கு?"

அவமானத்தில் ஆளாளுக்கு எழுந்து போய்விடுவார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். அவள் கணக்கு தப்பாகிவிட்டது. தலைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏதோ குசுகுசுத்தார்கள். பூதக்கண்ணாடி தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த விஷயம் இந்த நாலு சுவருக்குள் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது, ஐம்பது பேர் வயிற்றில் அடிக்க வேண்டாம் என்று நயமாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சான்றிதழில் கையெழுத்தும் போட்டார். அதே பேனா, அதே கை. மனிதனின் தோல் எவ்வளவு தடிமன் என்பதை அன்றுதான் அவள் கண்டாள். எந்த மெஷினாலும் அதைச் சுருக்க முடியாது.

கணவன் அவள் பின்னாலேயே அடுக்களைக்கு வந்தான். மன்னிப்புக் கேட்க வருகிறானோ என்று ஒரு கணம் நினைத்தாள்.

"அந்தக் கம்பியை மாத்தச் சொல்லிக் கேட்டுட்டே இருக்கேன்னியே," என்றான். "மாத்தாம பாத்துக்க முடியுமா?"

அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அருவருப்புத்தான் வந்தது. இவனிடம் இனி நியாயம் பேசிப் பயனில்லை என்று தெரிந்துவிட்டது. சரி, இவன் பாஷையிலேயே பேசிவிடலாம் என்று நினைத்தாள்.

"வாயைத் திறக்க மாட்டேன். மாமா இன்னைக்கே அந்த ரூமுக்குப் போகணும். ஈரம் உறிஞ்சுற மெஷினும் அங்கயே ஓடணும்."

அவன் மூச்சு விடும் நேரம்கூட யோசிக்கவில்லை. போகட்டும் என்றான். எத்தனை தடவை கெஞ்சியிருப்பாள், டாக்டர் எவ்வளவு சொன்னார். அப்பாவின் உயிருக்காகத் திறக்காத கதவு ஒரு பொய்யைக் காப்பாற்றத் திறந்துகொண்டது. அது அவளுக்குப் போதவில்லை.

"அந்தப் புதுப் பெட்டியை நான் பிரிக்கப் போறேன்."

இப்போது அவன் கண் கலங்கியது. ஆஸ்பத்திரி வராந்தாவில் ஸ்டிரெச்சர் போனபோது வறண்டு கிடந்த கண்தான் அது. வேறு எதையாவது கேள் என்று குழைந்தான். அவள் ஹால் பக்கம் திரும்பி, அந்த ஐம்பது பேர் விலாசத்தையும் பூதக்கண்ணாடியிடம் கேட்கப்போகிறவள்போல் வாயைத் திறந்தாள். பெட்டிப்பாம்பாக அடங்கிப்போய்ப் பெட்டியை எடுத்துவந்து கொடுத்தான்.

சாயங்காலத்துக்குள் மற்றப் பெட்டிகள் படுக்கையறைப் பீரோவுக்கும் கட்டிலடிக்கும் போயின. மாமனாரின் கட்டிலும் ஹால் டிவியும் கடைசி அறைக்குள் வந்தன. பரணில் கிடந்த கேம் மெஷினை அவள் துடைத்து டிவியோடு மாட்டினாள். தான் ஒட்டிய உறையைத் தானே நகத்தால் கிழித்தாள். சின்னச் சத்தம், அவ்வளவுதான். உள்ளே இருந்த கேசட்டில் யாரோ ஒரு பிள்ளை பேனாவால் நட்சத்திரம் வரைந்திருந்தது. நன்றாக விளையாடித் தேய்ந்த கேசட். போட்டவுடன் ஓடியது.

பத்து மாடிக் கட்டடம், மேலும் கீழும் போகும் லிஃப்டுகள், தொப்பி போட்ட ஒரு குட்டி மனிதன். மாமனார் தலையணைகளில் சாய்ந்தபடி அந்த ஆளை ஓட்டும் கட்டையைப் பிடித்து ஆட்டினார். மூன்றாம் மாடியில் ஆள் விழுந்து செத்தான்.

"இந்த லிஃப்டுக்குக் கதவே இல்லையேம்மா. இதுக்கு எவன் சர்டிபிகேட் குடுத்தான்?"

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். வழக்கமாகச் சிரித்தால் அவருக்கு இருமல் பிடித்துக்கொள்ளும், அன்று பிடிக்கவில்லை. அறை வாசலுக்கு வெளியே கணவன் குப்பைக்கூடையின் முன்னால் குந்தியிருந்தான். கிழிந்த உறையை எடுத்து, பிறை இருந்த துண்டை முழங்கால்மேல் வைத்து நீவிக்கொண்டிருந்தான்.

மாமனார் கட்டையைக் கீழே வைத்தார். அறையைச் சுற்றிலும் பார்த்தார். உலர்ந்த சுவரை உள்ளங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"அவன் இதைத் தன் உசுரா வெச்சிருந்தான்மா. நான்தான் அவனைத் தப்பா நெனச்சுட்டேன்," என்றார். "நீ சண்டை போட்டு வாங்கினியா, அவனாவே குடுத்தானா?"

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. கதவுக்கு வெளியே இருந்தவன் காதிலும் விழட்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. அவள் அவருடைய நெஞ்சைப் பார்த்தாள். அது விசில் இல்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"அவராவேதான் குடுத்தார், மாமா," என்றாள். "இந்தாங்க, உங்க ஆட்டம்."