காம்போசிட் வகுப்பில் ஜன்னலோர இடம்

அஞ்சலாட்சிக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம். அதற்குள் காம்போசிட் கணக்கா, ஜெனரல் கணக்கா என்று அவள் சொல்லியாக வேண்டும்.

எழுபத்து நான்காம் வருஷம் அது. அப்போதெல்லாம் ஒன்பதாவதிலேயே பிள்ளைகளைப் பிரித்துவிடுவார்கள். ஜெனரல் என்றால் சுலபம், யாரும் பாஸ் பண்ணலாம். காம்போசிட் என்றால் அல்ஜீப்ராவும் ஜியாமெட்ரியும் ஆழமாகப் படிக்க வேண்டும். பள்ளி முடித்து காலேஜில் பி.யு.சி. சேரும்போது கணக்கு எடுப்பதற்கு வேறு வழி கிடையாது. ஆனால் அதில் தோற்றால் எஸ்.எஸ்.எல்.சி.யே கையை விட்டுப் போகும்.

ஜூனில் அவளை ஜெனரலில்தான் போட்டார்கள். முதல் பரீட்சையில் நூற்றுக்கு நூறு வாங்கியதும் கணக்கு டீச்சர் ராஜாம்பாள் கூப்பிட்டு அனுப்பினாள். காம்போசிட் வகுப்பில் ஒரே ஒரு இடம் இருக்கிறது, மூன்று நாள் வந்து உட்கார்ந்து பார், பிடித்திருந்தால் வெள்ளிக்கிழமை காலையில் அப்பா கையெழுத்தோடு ஃபாரத்தைக் கொடு என்றாள்.

வீட்டில் அம்மா கன்னியம்மாள் கேட்டதும் வேண்டாம் என்றுவிட்டாள். முத்தியால்பேட்டையில் அவர்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டின பெண் ஒருத்திகூட இல்லை.

"ஜெனரல்ல போனா கண்ண மூடிக்கிட்டு பாஸ் பண்ணிடுவே. அத வுட்டுட்டு ஏன்டி முள்ளு மேல ஏறுறே?"

அப்பா பக்கிரி ஆலையில் நூல் பிரிவில் வேலை. சட்டையிலிருந்து பஞ்சைத் தட்டிக்கொண்டே, "மூணு நாளு பாத்துட்டு அவளே சொல்லட்டும், நான் கையெழுத்து போடுறேன்" என்று முடித்துவிட்டார்.

காம்போசிட் வகுப்பு காலை ஏழு மணிக்கு, பள்ளிக்கூடம் தொடங்கும் முன்பே நடக்கும். பள்ளிக்கூடம் ஒரு காலத்தில் யாரோ வெள்ளைக்காரன் குடியிருந்த வீடு. மாடியில் உயரமான ஜன்னல்கள் வைத்த ஓர் அறையில் ஆறு பெஞ்சு, பெஞ்சுக்கு இரண்டு பேர். கடைசி பெஞ்சில் ஜன்னலோர இடம் காலியாக இருந்தது. பக்கத்தில் சந்திரகலா. அதே தெருக்காரிதான், வாய் ஓயாதவள். அன்றைக்கு என்னமோ வாயே திறக்காமல் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை, முதல் நாள். மேஜைப் பலகையில் சாக்பீஸால் நாலு வரி எழுதியிருந்தது. நேற்றைய கணக்கு போலிருக்கிறது என்று அஞ்சலாட்சி உள்ளங்கையால் துடைத்துவிட்டு நோட்டை வைத்தாள். டீச்சர் வந்து போர்டில் கணக்கு எழுதினாள். அஞ்சலாட்சி மூச்சுப் பிடித்துப் போட்டு முடித்தாள். விடை முப்பத்தேழு.

பென்சிலைக் கீழே வைத்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவள் துடைத்த நாலாவது வரியில் இருந்ததும் முப்பத்தேழு. ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டிருந்தது கண்ணில் அப்படியே நின்றது.

வகுப்பு முடிந்து மரப்படியில் இறங்கும்போது சந்திரகலாவைப் பிடித்துக்கொண்டாள்.

"அது எழுதும்" என்றாள் சந்திரகலா, மழை பெய்யும் என்று சொல்வதுபோல. "டீச்சர் கணக்கு போடறதுக்கு முன்னாடியே எழுதிடும். நாங்க பாத்து எழுதிப்போம். நீ பாட்டுக்கு வந்த ஒடனே தொடச்சிட்டே. அவளவளுக்கு உம்மேல கோவம்."

"எதுடி எழுதும்?"

சந்திரகலா இரண்டிரண்டு படியாகத் தாண்டி இறங்கிப் போய்விட்டாள்.

புதன்கிழமை அஞ்சலாட்சி ஆறரைக்கே போனாள். வாட்ச்மேன் அப்போதுதான் கதவைத் திறந்துகொண்டிருந்தார். மாடியில் யாரும் இல்லை. கடைசி மேஜை துடைத்த ஈரம் காய்ந்து, வெறும் பலகையாக இருந்தது. அவள் வலது கையை ஜன்னல் கட்டையில் ஊன்றிக்கொண்டு வெளியே பார்த்தாள். தெருவில் பால்காரனின் சைக்கிள் போயிற்று. தூரத்தில் ஆலைச் சங்கு ஊத ஆரம்பித்தது. அந்தச் சத்தம் அடங்குவதற்குள் பின்னாலிருந்து, பலகையில் சாக்பீஸ் தேயும் சத்தம் கேட்டது.

திரும்பக் கூடாது என்று ஏனோ தோன்றியது. பிடரியில் யாரோ மூச்சு விடுகிற சூடு. சங்கு நின்றதும் தேய்கிற சத்தமும் நின்றது. அப்புறம்தான் திரும்பினாள். ஆறு வரி. ஒவ்வொரு ஏழிலும் குறுக்குக் கோடு.

படியேறி வந்த ராஜாம்பாள் டீச்சர் மேஜையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள்.

"நானும் தினம் சாயங்காலம் ஈரத்துணியால தொடச்சிட்டுத்தான் போறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தாள்.

வியாழக்கிழமை புதுப் பாடம், மடக்கை. லாகரிதம் என்றும் சொல்வார்கள். அன்றைக்குப் பலகையில் ஒரு வரிகூட முழுதாக இல்லை. ஓர் எண்ணை எழுதி, பக்கத்தில் சமம் போட்டு, அதற்கப்புறம் சாக்பீஸை அழுத்தி அழுத்தி ஒரே இடத்தில் குத்தியிருந்தது. பலகை வெள்ளையாகப் பூத்திருந்தது. வகுப்பில் பதினோரு பேரும் எட்டிப் பார்த்துவிட்டு, எழுத ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

மத்தியானம் சோற்று டப்பாவைத் திறக்கும்போதுதான் சந்திரகலாவிடமிருந்து விஷயம் வந்தது. ஏழுக்குக் குறுக்குக் கோடு போடுவது பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் ஆனா ஆவன்னா படித்தவர்களின் பழக்கம். இந்தப் பள்ளிக்கூடத்தில் அப்படிப் போட்டவள் ஒருத்திதான், கொளஞ்சி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த ஜன்னலோர இடத்தில் இருந்தவள். வகுப்பிலேயே முதல். ஆகஸ்ட் மாசத்தில் ஒருநாள் மாமா வந்து கூட்டிக்கொண்டு போனார், கல்யாணம் என்றார்கள்.

"செத்துட்டாளா?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"சாவுறதாவது. நோணாங்குப்பத்துல இருக்கா. புருஷன் படகு தள்ளுறான்."

சாயங்காலம் இரண்டு பேரும் கடலூர் பஸ்ஸில் ஏறிப் போனார்கள். சுண்ணாம்பாற்றின் கரையில் ஓலை வீடு. வாசலில் குந்தி, ஒரு பெண் சுறுசுறுப்பாக மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். பதினாறு பதினேழு வயசுதான் இருக்கும், கண்ணுக்குக் கீழே மட்டும் கறுத்துப் போயிருந்தது. சந்திரகலாவை அடையாளம் கண்டு சிரித்தாள். அஞ்சலாட்சி அருகில் வந்ததும் சிரிப்பு நின்றது.

"கொஞ்சம் திரும்பி நில்லு" என்றாள் கொளஞ்சி.

அஞ்சலாட்சி திரும்பினாள். பின்னால் மீன் ஆயும் சத்தம் நின்றது.

"நீதானா அது" என்றாள் அப்புறம். "எனக்கு முதுகு மட்டுந்தான் தெரியும். நேத்து ஜன்னல்ல கைய ஊனிக்கிட்டு நின்னே. கூப்பிட்டேன். நீ திரும்பல."

சந்திரகலா அஞ்சலாட்சியின் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள். கொளஞ்சி அவர்களை உட்காரச் சொல்லிவிட்டு, மீனை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொல்ல ஆரம்பித்தாள். ஆலைச் சங்கு இவ்வளவு தூரம் யாருக்கும் கேட்காது, அவளுக்குக் கேட்கிறது. கேட்டதும், அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்கிப்போகிறாள். மாமியார் அதற்காகத் திட்டாத திட்டு இல்லை, வேப்பிலை அடித்தும் பார்த்தாகிவிட்டது. தூக்கத்தில் மரப்படி ஏறுகிறாள், தன் இடத்துக்குப் போகிறாள், கணக்குப் போடுகிறாள். முழித்தால் விரல் வெள்ளையாக இருக்கிறது. அவர்கள் வீட்டில் சுண்ணாம்புகூடக் கிடையாது.

"இன்னைக்கி மட்டும் போட முடியல. மடக்கை ஆரம்பிக்கிற அன்னிக்கித்தான் மாமா வந்து கூப்புட்டாரு. அதோட நின்னுபோச்சு. மடக்கைன்னா இன்னாடி?"

"எனக்கும் தெரியாதுக்கா. இன்னிக்கித்தான் ஆரம்பிச்சாங்க."

"நீ அங்க சேரப் போறியா?"

"நாளைக்குச் சொல்லணும்."

கொளஞ்சி கையைக் கழுவி முந்தானையில் துடைத்தாள். பிறகு அஞ்சலாட்சியின் மணிக்கட்டைப் பிடித்தாள். கழுவின கையிலும் நகக்கண்ணில் வெள்ளை ஒட்டியிருந்தது.

"நான் சொல்றத கேளு. கடைசி வரைக்கும் இருக்க முடியும்னா சேரு. நடுவுல எழுப்பிடுவாங்கன்னா சேரவே சேராத. நடுவுல எழுந்தா நீயும் வந்துக்கிட்டேதான் இருப்பே, என்ன மாதிரி. ஜன்னலோரத்துல ரெண்டு பேருக்கு எடம் இல்லடி."

திரும்பி வரும் பஸ்ஸில் அஞ்சலாட்சி தன் மணிக்கட்டைப் பார்த்தாள். ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருந்தன.

இருட்டுவதற்குள் வீடு வந்து, அப்பாவுக்கு முன்னால் ஃபாரத்தை வைத்தாள். பக்கிரி பேனாவைத் தேடினார். அவள் ஃபாரத்தின் மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். பக்கிரி பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்தார், பயந்த பிள்ளைகள் எதைத்தான் பார்க்காது என்றார். கன்னியம்மாள் சிரிக்கவில்லை. மகளின் மணிக்கட்டைத் தூக்கி விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, கையெழுத்து வேணாம். நடுவுல எழுப்ப மாட்டேன்னு சொல்லுங்க. அது போதும்."

சுலபமாகச் சொல்லிவிடலாம் என்றுதான் பக்கிரி வாயைத் திறந்தார். ஆனால் ஆலையில் ஒரு மாசமாக ஆள் குறைப்புப் பேச்சு. போன வாரம்தான் அவருடைய அக்கா தன் மகன் ராமலிங்கத்துக்குப் பெண் கேட்டுச் சொல்லியனுப்பியிருந்தாள், பூப்பெய்திய பெண்ணை எத்தனை நாள் வைத்திருப்பாய் என்று. அவர் அதை மகளிடம் சொல்லவில்லை.

"ஆல ஓடுற வரைக்கும்..." என்றார். அதற்குமேல் போக முடியாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

அஞ்சலாட்சி ஃபாரத்தை மடிக்க ஆரம்பித்தாள். ஜெனரல் என்று சொல்லிவிடலாம். தெரிந்த கணக்கு, தெரிந்த பாஸ். யாரும் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்கமாட்டார்கள்.

"அந்தப் பொண்ணுக்காவது போறதுக்கு ஒரு எடம் இருக்குது" என்றாள் கன்னியம்மாள். "நான் ஒரு பெஞ்சுலயும் ஒக்காந்ததில்ல. எந்தச் சங்கு ஊதினாலும் எனக்கு அடுப்பங்கரைதான்."

பக்கிரி நிமிர்ந்தார்.

"போடுங்க. ஆல நின்னா நான் சித்தாள் வேலைக்குப் போறேன். ஒங்க அக்கா இல்ல, யாரு வந்து கூப்புட்டாலும் இவ எழுந்திரிக்க மாட்டா. நான் சொல்றேன்."

முள்ளு மேல ஏறுறியே என்றவளா இது என்று அஞ்சலாட்சி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கிரி கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை காலை ராஜாம்பாள் டீச்சர் ஃபாரத்தை வாங்கி ரிஜிஸ்டரில் பன்னிரண்டாவது பெயரை எழுதினாள். அஞ்சலாட்சி ஜன்னலோரத்தில் போய் உட்கார்ந்தாள். பலகையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. டீச்சர் போர்டில் ஒரு கணக்கை எழுதி, எத்தனை பத்துகளை ஒன்றோடொன்று பெருக்கினால் இந்த எண் வரும் என்று கேட்பதுதான் மடக்கை என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அன்றைக்கு ஆலைச் சங்கு தாமதமாக, அப்போதுதான் ஊதியது.

பிடரியில் அந்தச் சூடு வந்தது. இன்றைக்கு சாக்பீஸ் சத்தம் இல்லை, வெறும் மூச்சு மட்டும், பொறுமையாக. அஞ்சலாட்சி திரும்பவில்லை. சந்திரகலாவை இன்னும் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னாள். நோட்டைத் தன் தோளைத் தாண்டித் தெரிகிற மாதிரி வலதுபக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு ஒவ்வொரு படியையும் பெரிய எழுத்தில், அவசரமில்லாமல் எழுத ஆரம்பித்தாள். ஒரு படி முடிந்ததும் அடுத்ததுக்குப் போகாமல் கொஞ்சம் நின்றாள். பின்னாலிருந்த மூச்சு ஒருமுறை இழுத்து விடுகிற வரைக்கும்.