தைலம்மாளின் லாரி

லாரியை என் அம்மா தைலம்மாள் பேரில்தான் வாங்கினோம். அம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது. முப்பது வருஷமாக லாரி ஓட்டியவர் நைனாதான், என் அப்பா. ஆனாலும் கோலாரில் வண்டியை வாங்கும்போது யார் பேரில் எழுதுவது என்று புரோக்கர் கேட்டதும், "என் பேர்ல வாணாம், எனக்குப் பழக்கமில்ல" என்று சொல்லிவிட்டார்.

"எதுல பழக்கமில்ல?" என்று கேட்டார் புரோக்கர்.

"ஓனரா இருக்கறதுல."

புரோக்கர் சிரித்தார். நைனா சிரிக்கவில்லை. எங்கள் வீட்டில் அவர் ஜோக் அடிக்கும் வழக்கம் இல்லை.

கர்நாடகா நம்பர் வண்டி. நம் ஊர் நம்பர் வாங்கி மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை இங்கே ஒரு மூட்டை ஏற்ற முடியாது. அந்தக் காகிதம் வந்தால்தான் இந்தக் காகிதம், இந்தக் காகிதம் வந்தால்தான் அடுத்தது என்று மழைக்காலம் முழுக்கப் போயிற்று. லாரி சிங்கவரம் ரோட்டில் ஒரு காலி மனையில் கோட்டை மலையைப் பார்த்தபடி நின்றது. நைனா தினமும் விடிகாலையில் போவார். செருப்பைக் கீழே விட்டுவிட்டு ஏறுவார். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்று கொஞ்ச நேரம் இஞ்சினை ஓடவிடுவார். ஒரு அடி நகர்த்த மாட்டார். கதவில் கன்னடத்தில் ஒரு வரி எழுதியிருந்தது. அதற்கும் தினமும் குங்குமம் வைத்தார். அது சாமி பேரா, கதவை மெதுவாகச் சாத்தவும் என்பதா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இதற்கிடையில் சின்ன முதலாளி போன் செய்தார். நைனா ஓட்டிய வண்டி அவருடைய அப்பாவுடையது. அந்தப் பெரியவர் போனதும் இவர் அதை விற்றுவிட்டு, "வீரமணி, உனக்கும் வயசாயிடுச்சி, வீட்டுல இரு" என்று அனுப்பிவைத்தார். இப்போது நெல் அறுப்பு. புதிதாக வண்டிகள் எடுத்திருக்கிறார், டிரைவர் கிடைக்கவில்லை, அதனால் நைனாவுக்கு வயது குறைந்துவிட்டது. நைனா எழுந்து நின்று பேசினார். சின்ன முதலாளி போன் செய்தால் அவர் எப்போதும் எழுந்து நிற்பார்.

"திங்கக்கெழம சாயங்காலம் சொல்றேங்க."

திங்கட்கிழமைதான் எங்கள் லாரிக்கு ஆய்வு.

"வண்டி பாஸ் ஆயிட்டா போமாட்டேன்" என்றார் அம்மாவிடம். "ஆவலன்னா போயிடறேன். எத்தினி நாளு சும்மா குந்தினு இருக்கறது?"

அம்மா மிக்ஸியை நிறுத்திவிட்டு முழுதும் கேட்டாள். திரும்பவும் மிக்ஸியைப் போட்டாள்.

ஆய்வுக்கு முன்னால் புகை டெஸ்ட் எடுக்க வேண்டும். திங்கட்கிழமை காலை திண்டிவனம் ரோட்டில் அதற்கான கடைக்குப் போனோம். ஒரு கம்ப்யூட்டர், ஒரு கேமரா, ஒரு நீளக் குழாய். அங்கே உட்கார்ந்திருந்தவர் கலைமதி. காலேஜில் எனக்கு சீனியர். என்னைப் பார்த்ததும் நைனா பக்கம் திரும்பினார்.

"வளவன் நைனாவா? வாங்கப்பா. நியூட்ரல்ல போட்டு, நான் சொல்றப்ப ஃபுல்லா மிதிங்க. விடுன்னா விடுங்க. அவ்ளோதான்."

சைலன்சரில் குழாயைச் சொருகினார். "மிதிங்க" என்றார். இஞ்சின் லேசாக உறுமியது.

"ஃபுல்லாப்பா."

இன்னும் லேசாக உறுமியது. தூங்கும் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது போல நைனா மிதித்தார். கம்ப்யூட்டர் அதை டெஸ்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. கலைமதி வெளியே வந்து சைலன்சர் வாயைத் துணியால் துடைத்துப் பார்த்தார். துணி கரியானது.

"ரொம்ப நாளா ஓட்டாம சும்மா ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி வெச்சீங்களா?"

"தெனமும் காலையில" என்றேன். "ஒரு நாள்கூட லீவு உடல."

"அதான் உள்ள கரி அடைஞ்சி கெடக்குது. இப்படியே டெஸ்ட் எடுத்தா நிச்சயம் ஃபெயில். நாலஞ்சு வாட்டி அடிவரைக்கும் மிதிச்சி வெளிய தள்ளுங்க. அப்புறம் எடுக்கலாம்."

நைனா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் படியில் ஏறி நின்றேன்.

"இன்னா நைனா?"

"இஞ்சின் போயிடுச்சின்னா?"

"ரேஸ் குடுத்தா இஞ்சின் போயிடுமா?"

"போவாதுதான்" என்றார். பக்கக் கண்ணாடியைப் பார்த்தபடி, "பெரியவரு பின்னாடி கார்ல வருவாருடா. கருப்பா பொகை வந்தா வண்டிய ஓரங்கட்டச் சொல்லி, எல்லாரும் பாக்க எறக்கி உட்டுடுவாரு. 'எம் டீசல கொளுத்திறியாடா'ன்னு ஒருவாட்டி விக்கிரவாண்டில பஸ் ஸ்டாண்டு எதுர்ல நிக்க வெச்சாரு. அப்பலேர்ந்து கால் போவாது" என்றார்.

இதை அவர் இதற்கு முன் எங்களிடம் சொன்னதில்லை.

எங்களுக்குப் பின்னால் ஒரு டிராக்டர் வந்து நின்றது. ஆய்வு நடக்கும் மைதானத்தில் ஆய்வாளர் மதியம் வரைதான் இருப்பார். கலைமதி வாசலில் நின்று மணி பார்த்தார்.

"நான் வேணா மிதிக்கட்டா?" என்றேன்.

"எறங்குடா. அடுத்தவங்க வண்டி."

அடுத்தவங்க வண்டி. அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை. நான் கீழே இறங்கி, அந்த அடுத்தவங்களுக்கே போன் போட்டேன். அம்மா சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் கரண்டிச் சத்தம் கேட்டது.

"ம்மா, ஸ்பீக்கர்ல போடறேன். டிரைவரு உங்கிட்ட பர்மிஷன் கேக்கறாரு."

"எந்த டிரைவரு?"

போனை நைனா பக்கம் நீட்டினேன். என்னை முறைத்தார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

"இன்னா மே, இங்க அடிவரைக்கும் மிதிக்கச் சொல்றாங்க. கருப்பா பொகை வரும். இஞ்சினுக்கு எதுனா ஆயிடுச்சின்னா அப்புறம் என்னைச் சொல்லாத."

கரண்டிச் சத்தம் நின்றது. சின்ன முதலாளியின் பேச்சு வந்தபோது மிக்ஸி நின்றதுபோல நின்றது.

"வண்டி யாருது?"

"உன்னுது."

"ஆச்சின்னா எனக்குத்தான ஆவுது? மிதிய்யா. சோறு அடி புடிக்குது" என்று வைத்துவிட்டாள்.

நைனா போனை என்னிடம் கொடுத்தார். கதவைச் சாத்தினார். மிதித்தார்.

அப்படி ஒரு சத்தத்தை அந்த லாரியிடமிருந்து நாங்கள் கேட்டதேயில்லை. மழைக்காலம் முழுக்கச் சேர்ந்த கரி மொத்தமும் சைலன்சர் வழியாக வந்தது. டிராக்டர்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் கிளாஸோடு எழுந்து போனார்கள். கோட்டை மலை கொஞ்ச நேரம் தெரியவில்லை. நைனா விட்டார். திரும்ப மிதித்தார். கலைமதி போதும் என்று கை காட்டிய பிறகும் ஒருதரம் மிதித்தார். கடைசியில் வந்த புகை, புகை என்றே சொல்ல முடியாத அளவுக்கு வெளுத்திருந்தது.

"இப்ப டெஸ்டுப்பா" என்றார் கலைமதி.

கம்ப்யூட்டர் இந்த முறை எதுவும் குறை சொல்லவில்லை.

சர்டிபிகேட்டோடு மைதானத்துக்குப் போனோம். ஆய்வாளர் சேஸிஸ் நம்பரைப் பார்த்தார், லைட்டைப் பார்த்தார், பிரேக் போடச் சொன்னார், கையெழுத்துப் போட்டார். "ஓனர் யாரு?" என்று கேட்டபோது நைனா, "வேலைக்குப் போயிருக்காங்க சார்" என்றார். என் வாழ்நாளில் அம்மாவை அவர் 'ங்க' போட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம் வண்டியைக் காலி மனையில் நிறுத்தினோம். அம்மா பள்ளிக்கூடத்திலிருந்து நேராக அங்கே வந்தாள். முப்பது வருஷத்தில் அவள் ஒரு லாரிக்குள்ளும் ஏறியதில்லை. பெரியவர் வண்டியில் டிரைவர் வீட்டுப் பெண்களை ஏற்றக் கூடாது என்று சட்டம். நைனா கதவைத் திறந்துவிட்டார்.

"செருப்ப கழட்டிட்டு ஏறு."

"எம் வண்டில நான் எதுக்குய்யா கழட்டணும்?"

செருப்போடு ஏறினாள். சீட்டை அழுத்திப் பார்த்தாள். ஒரு பக்கம் கிழிந்திருப்பதைக் கண்டுபிடித்தாள். நைனா கீழேயே நின்றிருந்தார். அப்போதுதான் அவர் போன் அடித்தது. யார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"வணக்கங்க... ஆமாங்க, திங்கக்கெழமதாங்க... இல்லீங்க, வர முடியாதுங்க." கொஞ்ச நேரம் எதிர்ப்பக்கப் பேச்சைக் கேட்டார். "அது இல்லீங்க. எங்க ஓனரு உடமாட்டாங்க."

மறுபக்கம் ஏதோ கேட்டார்கள்.

"லேடீஸ்ங்க" என்றார் நைனா. "ரொம்ப கண்டிசன்."

போனைச் சட்டைப்பையில் போட்டார். அம்மா மேலேயிருந்து எட்டிப் பார்த்தாள்.

"கண்டிசனா?"

நைனா குனிந்து டயரைத் தட்டிப் பார்த்தார்.

"காலையில லோடு இருக்குதா?"

"அனந்தபுரத்துல கேட்டு வெச்சிருக்கேன். நெல்லு. விடியறதுக்கு முன்னாடி எடுக்கணும்."

"போய்ச் சேந்ததும் போன் பண்ணு."

"சரிங்க" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு அதை மாற்றவும் இல்லை.