வத்தேகம வீதியில் பயந்த வான்

இராமநாதனின் வெள்ளை வான் தொண்ணூற்றெட்டாம் ஆண்டு மாசி மாதத்திலிருந்து ஆமிக்காரருக்குப் பயப்படத் தொடங்கியது. வத்தேகம வீதிச் சோதனைச் சாவடிக்குப் பத்தடி இருக்கும்போதே என்ஜின் நின்றுவிடும். அரசாங்கக் கச்சேரியில் உத்தியோகத்தரான இராமநாதன், இரத்தம் சுத்திகரிக்க மனைவி இரஞ்சிதத்தைக் கிழமைக்கு இரண்டு தரம் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். பிந்தினால் அவளுக்கு மூச்சுமுட்டும். யாழ்ப்பாணத்தார் ஒருவரின் வான் சாவடி வாசலிலேயே நிற்பதை ஆமியும் தற்செயலென்று எண்ணவில்லை. கோளாறைக் கண்முன் காட்டாவிட்டால் வானையும் ஆளையும் சேர்த்து உள்ளே வைப்பேன் என்று சாவடிக்குப் பொறுப்பான சாஜன் சொல்லிவிட்டார்.

இராமநாதன் கூப்பிட்ட மஹய்யாவ ஊர் அழகர், வாகன வயர் வேலைக்காரர், வோல்ற் அளக்கும் மீற்றரோடு வந்தார். வயர் தொங்கும் பெட்டியைக் கண்டதும் மூன்று சிப்பாய்கள் தரையில் படுத்தார்கள். அவர்கள் எழும்பும்வரை அழகர் மரியாதையாகக் காத்திருந்தார். கரண்ட் வருகுதா என்று பல்ப் வைத்துப் பார்க்கலாமே என்று ஒரு சிப்பாய் யோசனை சொல்ல, பல்ப் இழுக்கிற கரண்டில் என்ஜின் கொம்பியூட்டர் கருகிப்போகும் என்று தடுத்தார். சாவி போட்டபடி என்ஜின் வயர்கள் சேரும் சொக்கற்றைக் கழற்றவும் விடவில்லை. மீற்றரை வோல்ற்றில் வைத்து, கறுப்பு முனையைப் பற்றரியின் நெகற்றிவில் கொழுவி, சிவப்பு முனையைச் சொக்கற்றின் பின்பக்கமாக மெல்லச் செருகினார். கொம்பியூட்டர் கொடுக்கவேண்டிய ஐந்து வோல்ற்றும் இருந்தது. சாஜன் குனிந்து பார்த்தார், பூச்சியமானது.

அழகர் மீற்றரைத் தட்டிப் பார்த்தார்.

"வயர் பிழையெண்டு சொல்லும்," என்று இராமநாதன் அழகரின் காதுக்குள் கெஞ்சினார்.

"மீற்றர் காட்டாததை நான் சொல்ல மாட்டேங்க," என்ற அழகர், சாஜனிடம் சிங்களத்தில் சொன்னார்: "சேர், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது உங்களுக்குத்தான் பயப்படுது."

சாஜன் தள்ளி நின்றார்: ஐந்து. கிட்ட வந்தார்: பூச்சியம். ஏழு தரம் போய் வந்தார். அவர் முகத்தில் வந்தது கோபமல்ல, பெருமை. அடுத்த கிழமை முழுச் சாவடியும் வரிசையில் நின்று தன்னை அளந்துகொண்டது. மூன்று வோல்ற்றுக்குக் கீழே இறக்க முடியாத கோப்ரலுக்குப் பதவி உயர்வு தடைப்பட்டது. ஒரேயொரு சிப்பாய் கிட்டப் போனபோது மட்டும் ஐந்து ஐந்தாகவே நின்றது. அவர் காவலில் நின்ற இரண்டு கிழமையும் இரஞ்சிதம் நேரத்துக்கு ஆஸ்பத்திரி போனாள். பிறகு, சேவைக்குத் தகுதி போதாதென்று அந்த மனிதரைச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

கொழும்பு ஆமித் தலைமையகத்திலிருந்து கடிதம் வந்தது: வான் குற்றமற்றது, பயம் முறையானது, ஆயினும் வீதியை மறிக்கலாகாது. ஆகவே வானைத் தள்ள இரண்டு பேர் நியமிக்கப்பட்டார்கள். இராமநாதன் அடையாள அட்டையைக் காட்டுவார். அவர்கள் சாவடிக்கு அப்பால் பத்தடி தள்ளிவிடுவார்கள். வான் தானாகவே ஸ்டார்ட் ஆகும். இரஞ்சிதம் உள்ளேயிருந்து நன்றி சொல்லுவாள். இரண்டாயிரத்து ஒன்பதில் யுத்தம் முடிந்தது. தள்ளுகிறவர்களின் வேலை நிரந்தரமாக்கப்பட்டது.