ஞாயிற்றுக்கிழமை வள்ளம்

பகல் ஒன்று நாற்பத்திரண்டுக்கு மாரிச்செல்வம் சைக்கிளை விட்டு இறங்கினான். நூற்றெண்பது கிலோமீட்டர் மிதித்து வந்த கால்கள் நிற்க மறுத்தன. தரையில் உட்கார்ந்து, தன் கணுக்காலிலிருந்த, போட்டி நேரத்தைக் கணக்கிடும் சிப் பட்டையை அவிழ்த்து விஜிலாவின் காலில் கட்டினான். காலை ஆறு மணிக்கு அந்தப் பட்டை அவள் தம்பி இனிகோவின் காலில் இருந்தது. கடலில் ஏறக்குறைய நாலு கிலோமீட்டர் நீந்தி வந்து, அவன்தான் அதை மாரிச்செல்வத்துக்குக் கட்டிவிட்டிருந்தான். மீதி நாற்பத்திரண்டு கிலோமீட்டர் விஜிலா ஓட வேண்டும். ஏழு மணிக்குள்.

"இனிகோவ எங்க டீச்சர்? தண்ணியோட நிப்பேன்னான்."

"தூங்குதான் போல."

ஓட ஆரம்பித்தாள்.

கடற்கரைச் சாலையில் தெற்கே உப்பளம் வரை போய்த் திரும்ப வேண்டும். அப்படி நாலு சுற்று. வெயில் தாரிலிருந்து மேலே வந்தது. பள்ளிக்கூடப் பையன்கள் நாலைந்து பேர் மதில்மேல் உட்கார்ந்திருந்தார்கள். "எங்கள முட்டி போட வச்சியள்ல டீச்சர், இப்ப நீங்க ஓடுங்க!" என்று கத்தினார்கள். அவள் கையைத் தூக்கிக் காட்டினாள்.

அணியின் மூன்று பேரும் முடித்தால் சான்றிதழ். அதைக் கொண்டுவந்தால் புதிய நீச்சல் குளத்தில் இனிகோவுக்குப் பயிற்சியாளர் வேலை என்று குளத்து நிர்வாகி சொல்லியிருந்தார். இனிகோ பதினேழு வயதிலிருந்து சங்கு எடுக்க முங்குகிறவன். வள்ளத்தில் மூச்சுக்காற்றுக்குக் கம்ப்ரசர் ஓடும். அதிலிருந்து வரும் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு மணிக்கணக்கில் அடியில் கிடப்பான். அதற்கு அனுமதி கிடையாது. வேலை கிடைத்தால் அதை விட்டுவிடுவதாக மனைவி ஈவாஞ்சலினுக்குச் சத்தியம் செய்திருந்தான்.

முதல் சுற்றில், உப்பளம் போகும் வழியில் விஜிலா கடலைப் பார்த்தாள். ஒரு வள்ளம் வெளியே போய்க்கொண்டிருந்தது. மஞ்சள் தார்ப்பாய். வில்பிரட் அண்ணனுடையது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தெருவிலிருந்து யாரும் கடலுக்குப் போவதில்லை. புயலுக்கு முந்தின ஞாயிறு மீன் கரையிலேயே வந்து கிடந்தபோதும் போகவில்லை. வில்பிரட் மாதா கோயிலில் வாசகம் வாசிக்கிறவர். அவர் இன்றைக்கு வள்ளத்தை இறக்கியிருக்கிறார் என்றால் காரணம் ஒன்றுதான் இருக்க முடியும். அவள் அதை நினைக்காமல் ஓடினாள். உப்பளத்தில் திரும்பியபோது நினைத்தாள்.

கடலடியிலிருந்து வேகமாக ஏறினால் மூட்டில் வலி பிடிக்கும். திரும்ப அதே ஆழத்துக்கு இறக்கி, கொஞ்ச நேரம் வைத்திருந்து, மெல்ல மெல்ல ஏற்றினால் விட்டுவிடும். தெருவுக்கே தெரிந்த வைத்தியம். நேற்று சாயங்காலம் இனிகோ தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். நாளை நீந்த வேண்டியவன். "போயி இன்னொருக்க முங்கிட்டு வாலே" என்று சொன்னது விஜிலாதான். போனான். வலி விட்டது. ராத்திரி மூன்று தட்டு சோறு தின்றான்.

முதல் சுற்று முடிகிற இடத்தில், தண்ணீர் மேசைக்குப் பக்கத்தில் ஈவாஞ்சலின் நின்றிருந்தாள். காலில் செருப்பில்லை.

"அக்கா, பத்து மணிக்கு எந்திச்சாவ. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமே தெரியலங்காவ. ஒண்ணுக்குக்கூடப் போவல."

"பத்து மணிக்கா? இப்பம் மணி மூணாவப் போவுது, ஏளா!"

"வில்பிரட் அண்ணன் ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தாவ. வர ஒண்ணாயிட்டு. எறக்கிக் கூட்டிட்டு வாரேன்னு இன்னும் ரெண்டு பேரோட தூக்கிட்டுப் போயிருக்காவ."

"ஆஸ்பத்திரி?"

"ஒங்க தம்பிதான் வேண்டாம்னாவ. கம்ப்ரசர்னு எழுதிட்டா வேலை போயிரும்லா. அக்காவ ஓடி முடிக்கச் சொல்லுன்னாவ."

விஜிலா டம்ளரைக் கீழே வைத்தாள். உடற்கல்வி படித்தவள். கால் மரத்துப்போவதும் தோள் வலிப்பதும் ஒன்றல்ல என்று அவளுக்குத் தெரியும். அப்பாவையும் இப்படித்தான் இறக்கினார்கள் என்பதும் தெரியும். எழுந்து நடந்து வந்தார்.

"சரி. நீ கரையில போயி நில்லு" என்றாள்.

இரண்டாவது சுற்றில் வள்ளம் ஒரு புள்ளியாக இருந்தது. அசையவில்லை. நங்கூரம் போட்டிருக்கிறார்கள். அரை மணி நேரம் அடியில். பிறகு பாதி ஆழத்தில் கொஞ்சம். அவள் மனதுக்குள் அவனை ஏற்றிக்கொண்டே ஓடினாள். வள்ளத்துக்குள் ஏற்றி உட்காரவைத்துவிட்டு மறுபடி கடலைப் பார்த்தாள். புள்ளி அங்கேயே இருந்தது.

மூன்றாவது சுற்றில் மாரிச்செல்வம் செருப்புக் காலோடு அவள்கூட ஓடி வந்தான். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். ஆற்றுப்பாசன ஊர்க்காரன். கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

"டீச்சர், அந்தப் பிள்ள சொல்லுதது நெசமா? கால் வெளங்காதவனக் கடலுக்குள்ளயா எறக்குவாவ?"

"அப்பாவ அப்படித்தான் எழுப்புனாவ."

"எத்தன தடவ?"

அப்பா மூன்று தடவை எழுந்தார். நாலாவது தடவையைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை.

நூறடி ஓடினார்கள். அவனுக்கு மூச்சு வாங்கியது.

"ஆம்புலன்சக் கூப்பிடுங்க" என்றாள். "கரையில வந்து நிக்கட்டும்."

"கேட்டா என்ன சொல்ல?"

"கம்ப்ரசர்னு சொல்லுங்க. மறைக்காண்டாம்."

"அப்பம் வேலை?"

"கூப்பிடுங்க அண்ணாச்சி."

அவளைவிட ஆறு வயது இளையவனை அண்ணாச்சி என்றாள். அவன் நின்றுவிட்டான். அவள் ஓடினாள். வேலை போய்விட்டது. ஓடுவதற்கு இனிக் காரணமில்லை. நின்றால் கரையில் ஈவாஞ்சலினுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். 'சரி' என்று சொன்னது மூன்று மணிக்கு. இப்போது ஐந்து. இந்த இரண்டு மணி நேரத்தை அவளிடம் எப்படிச் சொல்வது?

கடைசிச் சுற்றில் இடது தொடை இழுத்தது. உப்பளத்தில் வெளிச்சம் சிவந்து, பிறகு சாம்பலானது. திரும்பி வரும்போது புள்ளி பெரிதாகியிருந்தது. இன்ஜின் சத்தம் கேட்டது. இனிகோவோடு நாலு பேர் போன வள்ளம். விஜிலா எண்ணினாள். மங்கலில் மூன்று தலைகள் தெரிந்தன. மறுபடி எண்ணினாள்.

ஆறு நாற்பத்தாறுக்கு முடிவுக்கோட்டைத் தாண்டினாள். ஒலிபெருக்கியில் அணியின் பெயரைச் சொன்னார்கள். மூன்று பெயர்களையும் சொன்னார்கள். யாரோ கழுத்தில் எதையோ போட வந்தார்கள். அவள் அவர்களைத் தாண்டி மணலில் இறங்கினாள். ஆம்புலன்ஸ் சாலையோரம் நின்றது. ஈவாஞ்சலின் மணலில் முழங்கால் போட்டிருந்தாள், எழுந்து வரவில்லை.

விஜிலா ஷூவோடு தண்ணீருக்குள் போனாள். இடுப்பளவு வந்ததும் நின்றாள். வில்பிரட் இன்ஜினை நிறுத்தினார். வள்ளம் தானாக வந்துகொண்டிருந்தது. அவர் மட்டும் நின்றிருந்தார். மற்ற இரண்டு பேரும் குனிந்து வள்ளத்துக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, அவன் உக்காந்திருக்கானா, கெடக்கானா?"