வலிப்பு இல்லையாம்

எனக்கு வந்தது வலிப்பே இல்லை என்று ஒரு சின்ன வயது டாக்டரம்மா சொன்னபோது எனக்கு நாற்பத்து நாலு வயது ஆகியிருந்தது. இருபத்தொன்றில் சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணை விழுந்து கும்பிட்டிருப்பேன். இப்போது ஓங்கி ஒன்று விடலாமா என்றுதான் வந்தது.

நடந்தது கல்வராயன் மலையில். மாசி பங்குனியில் என் அண்ணன் செல்லமுத்துவும் நானும் வெள்ளிமலைக்கு பஸ் ஏறி, வீடு வீடாகப் போய்ப் புளி வாங்குவோம். எங்கள் ஊர் நைனார்பாளையத்துக்குக் கொண்டுவந்து கொட்டை எடுத்து, சின்னசேலம் கடைகளுக்குப் போடுவோம். அன்றைக்கு அண்ணன் காலில் துருப்பிடித்த ஆணி ஏறிவிட்டது. ஊசி போட மலையிலேயே இருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசிக்கு வரிசையில் நின்றது அவர். விழுந்தது நான்.

விழுந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது. எழுந்திருக்கும்போது கையில் இரும்பு இருக்கும், அது மட்டும் தெரியும். சாவிக்கொத்து, கதிர் அரிவாள், டிராக்டர் ஸ்பேனர் என்று என் கையில் திணிக்காத சாமான் இல்லை. ஒரு தடவை பஸ்ஸில் விழுந்தபோது கண்டக்டரின் விசிலைத் திணித்திருந்தார்கள். அது இரும்பா பிளாஸ்டிக்கா என்றுகூட ஒருத்தரும் பார்க்கவில்லை. அரை நிமிஷத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். "பாத்தியா, இரும்பு குடுத்ததும் தெளிஞ்சிடுச்சி" என்பார்கள். இருபத்து மூன்று வருஷமாக ஒவ்வொரு தடவையும் இரும்புதான் ஜெயித்தது. இரும்புக்குத் தெளிந்தால் அது வலிப்புதானே. கை காலும் கொஞ்சம் வெட்டி இழுக்கும். பார்த்தவர்களுக்கு அதற்குமேல் சந்தேகம் எப்படி வரும்?

மலை ஆஸ்பத்திரியிலும் யாரோ வண்டிச் சாவியோடு ஓடிவந்தார்களாம். டாக்டர் இலக்கியா என்று அந்தப் பெண், சாவியைத் தட்டிவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறது. நான் கண் திறந்தபோது நெஞ்சில் அங்கங்கே ஒயரை ஒட்டி வைத்திருந்தார்கள். கையில் ஒன்றும் இல்லை.

"உங்களுக்கு வலிப்பு இல்லைம்மா. இதயம் மெதுவா துடிக்குது, நிமிஷத்துக்கு முப்பது தடவைதான். நடுவுல சில விநாடி நின்னே போகுது. மூளைக்கு ரத்தம் போகாம விழறீங்க. அதனாலதான் கை காலு இழுக்குது" என்றது.

அண்ணன் காலைத் தூக்கிக்கொண்டே கேட்டார். "அப்போ இவ்ளோ நாளா சாப்ட்டுக்கினு இருக்கிற வலிப்பு மாத்திரை?"

"அது தேவையே இல்லைங்க. பொறந்ததுலேர்ந்தே இப்படி இருந்திருக்கலாம். பேஸ்மேக்கர் வைக்கணும். சின்னப் பொட்டி மாதிரி, தோளுக்குக் கீழ தோலுக்கு அடியில வைப்பாங்க. துடிப்பு கம்மியானா அது தூண்டிவிடும். சேலத்துல வைப்பாங்க, காப்பீட்டு அட்டையிலயே ஆயிடும். தள்ளிப்போடாதீங்க, அடுத்த தடவை எழுந்திரிக்காமலே போயிடலாம்."

"இரும்பு குடுத்தா தெளியுதே?" என்றார் அண்ணன்.

"குடுக்காமலும் இப்பத் தெளிஞ்சாங்களே" என்றது டாக்டர்.

அண்ணன் என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் சந்தோஷம். வலிப்பு இல்லையாம், வெறும் ஹார்ட்டுதானாம்! ஏதோ எனக்கு சர்க்கார் வேலை கிடைத்த மாதிரி ஒரு சிரிப்பு. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "எனக்கு ஒரு பொட்டியும் வேணாம், எழுந்து வா" என்று புளி மூட்டையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஏன் என்று சொல்கிறேன். எலவனாசூர்கோட்டை வீரமணிக்கு இருபத்தொன்றில் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள். இரண்டு ஏக்கர் கரும்பு, ஒரு மாடு, ஒரு மாமியார். கல்யாணமான ஐந்தாம் மாதம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது விழுந்தேன். அதற்கு முன்னால் விழுந்ததே இல்லை, சத்தியம். "நோய மறைச்சி எங்க தலையில கட்டிட்டாங்க" என்று மாமியார் தெருவையே கூட்டிவிட்டாள். மறுநாள் வீரமணி என்னை டி.வி.எஸ்ஸில் உட்காரவைத்துக் கொண்டுவந்து எங்கள் வீட்டு வாசலில் இறக்கினார். "வைத்தியம் பாத்துட்டு அனுப்புங்க" என்றார். அடுத்த தை மாதம் அவருக்கு வேறு கல்யாணம் ஆனது.

எங்கள் வீட்டில் ஒருத்தரும் போய்ச் சண்டை போடவில்லை. நானும் போட விடவில்லை. வலிப்பு வருகிறவளை எவன் வைத்துக்கொள்வான், அந்த மனுஷனைச் சொல்லி என்ன குற்றம் என்று நானே அவருக்கு வக்கீலாக நின்றேன். தப்பு வியாதி மேல். வியாதி என் உடம்பில். கணக்கு நேராகிவிட்டது. அதற்குப் பிறகு கிணற்றுப் பக்கம் போகக் கூடாது, தனியாக அடுப்புப் பற்றவைக்கக் கூடாது. அண்ணன் பிள்ளைகளைக்கூட நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்த பிறகுதான் அண்ணி என் மடியில் கொடுப்பாள். அவள் மேலும் தப்பு இல்லை.

இப்போது வந்து, அது அந்த வியாதி இல்லை என்கிறார்கள். அப்படியென்றால் நான் எதற்காக வாழாவெட்டியாக வந்து புளியங்கொட்டை நோண்டிக்கொண்டு இருந்தேன்? ஒருத்தர், ஒரே ஒருத்தர், அன்றைக்கே நாடி பிடித்துப் பார்த்திருந்தால் பெட்டியை வைத்துக்கொண்டு எலவனாசூர்கோட்டையிலேயே இருந்திருப்பேன். பிள்ளை பெற்றிருப்பேன். இந்த வயதுக்கு மருமகளோடு சண்டை போட்டுக்கொண்டு இருந்திருப்பேன். பேஸ்மேக்கரை வைத்துக்கொண்டால் இதையெல்லாம் சும்மா தொலைத்தேன் என்று ஒத்துக்கொண்டதாக ஆகும். அதற்கு வலிப்புக்காரியாகவே செத்துப்போகலாம்.

அண்ணன் விடவில்லை. அழுது, திட்டி, கடைசியில் அண்ணியை விட்டு என் துணிமணியைப் பையில் திணிக்கவைத்து, சேலத்துக்குக் கூட்டிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். மூன்று நாள் ஒயரோடு படுத்திருந்தேன். இரண்டாவது நாள் கட்டிலிலேயே ஒரு தடவை மயங்கினேன். இதயம் ஆறு விநாடி நின்றிருந்தது என்று காகிதத்தில் கோடு காட்டினார்கள். மேடு பள்ளம் இல்லாமல் கோடு வெறுமனே ஓடிய இடம் அது. ஒப்புதல் படிவத்தை நீட்டினால் நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

"உனக்கு இன்னாதான் வேணும், பச்ச? சொல்லித் தொலை" என்றார் அண்ணன். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"அந்த ஆள கூட்டிக்கினு வா. எனக்கு வலிப்பு இல்லன்னு டாக்டர் வாயால அவரு காதுல கேக்கணும். அப்பறம் எங்க வேணா கையெழுத்துப் போடறேன்."

"எந்த ஆள?"

"எத்தினி ஆளு எனக்கு? எலவனாசூர்கோட்ட ஆளத்தான்."

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். மறுநாள் பதினோரு மணிக்கு வந்து நின்றார். தலை முழுக்க நரைத்துப்போயிருந்தது. கையில் ஒரு பை ஆரஞ்சு. அதைக் கட்டிலில் வைப்பதா, அண்ணனிடம் கொடுப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். எனக்கும் அவரை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. "உக்காருங்க" என்றேன். அவர் உட்காரவில்லை.

சேலத்து டாக்டர் வந்து எல்லாம் சொன்னார். வலிப்பு எப்போதுமே இருந்ததில்லை, பேஸ்மேக்கர் வைத்தால் எல்லாரையும் போல இருக்கலாம், முன்பே வைத்திருந்தாலும் இருந்திருக்கலாம் என்றார். நான் டாக்டரைப் பார்க்கவில்லை. வீரமணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முகம் இடிந்து விழுவதைப் பார்க்கத்தானே கூப்பிட்டேன். ஐயோ, தெரியாமல் பண்ணிவிட்டேனே என்று அவர் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க அந்த ஒரு சொல்லை அவர் வாயில் வைத்து வைத்துப் பார்த்திருந்தேன்.

டாக்டர் போன பிறகு அவர் தொண்டையைச் செருமினார்.

"அப்போ ஹார்ட்டா?"

"ஆமாங்க, ஹார்ட்டு" என்றேன்.

"அதான் வர்ற வழியில உங்கண்ணன் சொன்னாரு. யோசிச்சிக்கினே வந்தேன். நீ எத நெனச்சிக் கூப்ட்டன்னு புரியுது." ஆரஞ்சுப் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "படுத்துக் கெடக்கற ஆளுகிட்ட பொய் சொல்லக் கூடாது, பச்ச. ஹார்ட்டுன்னு அன்னிக்கே சொல்லியிருந்தாலும் எங்கம்மா உன்ன வச்சிருக்க மாட்டாங்க. எங்கம்மா இன்னா, நானே வச்சிருக்க மாட்டேன். நெஞ்சுல பொட்டி வச்ச பொண்ணக் கட்டிக்கினு குடும்பம் நடத்தற தைரியம் அந்த வயசுல எனக்கு ஏது? வலிப்புன்னாலும் இதான், ஹார்ட்டுன்னாலும் இதான். கொண்டாந்து வுட்டுத்தான் இருப்பேன்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "யோவ், இத சொல்லவாயா உன்ன பஸ் ஏத்திக்கினு வந்தேன்?" என்று அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. முதலில் லேசாக வந்தது, பிறகு அடக்க முடியவில்லை. தலைமாட்டு மெஷின் கீச்சு கீச்சென்று கத்தி, நர்ஸ் ஓடிவந்தாள். ஐந்து நாளாக நான் எந்த வீட்டை நினைத்து ஏங்கிக்கொண்டு கிடந்தேனோ, அப்படி ஒரு வீடே இருந்ததில்லை. சரியான டாக்டர் சரியான நாளில் சரியான பேரைச் சொல்லியிருந்தாலும் அதே டி.வி.எஸ்ஸில்தான் வந்து இறங்கியிருப்பேன். நான் எதையும் தொலைக்கவில்லை. இந்த மனுஷனுக்காகவா இருபத்து மூன்று வருஷம் சம்பளம் இல்லாமல் வக்கீல் வேலை பார்த்தேன் என்றும் வந்தது. அப்போதுதான் அவர் மேல் கோபம் வந்தது. வந்ததும் உடம்புக்கே நன்றாக இருந்தது. இத்தனை நாளும் அந்தக் கோபத்தை என் உடம்பு மேலேயே காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அண்ணா, அவர வுடு" என்றேன். "சிஸ்டர், அந்த ஃபாரத்த எடுத்தாங்க."

நான் கையெழுத்துப் போட்டேன். கீழே இரண்டு சாட்சி போட வேண்டுமாம். அண்ணன் ஒன்று போட்டார். இன்னொன்றுக்கு நர்ஸ் சுற்றிலும் பார்த்தாள்.

"இவரு யாருங்க? இவரே போடலாமே."

"போடட்டும்" என்றேன்.

அவர் ஆரஞ்சுப் பையைத் தரையில் வைத்துவிட்டுப் பேனாவை வாங்கினார். பேரை எழுதினார், ஊரை எழுதினார். அடுத்து, நோயாளிக்கு என்ன உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பேனா அங்கே நின்றுவிட்டது. நின்ற இடத்தில் மை ஊறிவிட்டது.

"இங்க இன்னா போடறது?" என்று என்னைக் கேட்டார்.

"தெரிஞ்சவருன்னு போடுங்க."

குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். குண்டு குண்டான எழுத்து. ஐந்து மாதம் குடும்பம் நடத்தியும் அவர் கையெழுத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன்.