சான்று தேவைப்பட்ட மனைவி

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரனின் மனைவி இறந்து மூன்று மாதம் கழித்து, ஒரு புதன்கிழமை காலையில், கூடத்துத் தரையில் இரும்புக் கம்பியை ஊன்றி மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். முந்தைய நாள்தான் அவளைப் பற்றிய கட்டுரையை அவன் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஏற்றியிருந்தான். தெருவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் இளைத்திருக்கிறாள் என்றார்கள். கட்டுரை சின்னது, அதனால் இருக்கும்.

உயிரோடு இருந்தபோது அவள் குடிநீர் வாரியத்தில் கசிவு கேட்பவள். கம்பியைச் சாலையில் ஊன்றிக் கேட்டால், மண்ணுக்கடியில் எந்தக் குழாய் எங்கே கசிகிறது என்று சொல்லிவிடுவாள். கட்டுரையில் இருந்ததெல்லாம் இப்போது அவளிடம் இருந்தது: படித்த பள்ளி, வாரிய வேலை, கணவர் கடை, சிரித்த முகம், குளிக்கும்போது பாட்டு. கணுக்கால் தழும்பை எழுத மறந்திருந்தான், கால் வழவழவென்று இருந்தது. மதியம் சேர்த்தான். சாயங்காலம் தழும்பு வந்துவிட்டது.

அதற்கு மறுநாள், கலைக்களஞ்சியத்தில் கத்தரிக்கோல் என்ற பெயரில் மற்றவர்களின் கட்டுரைகளைத் திருத்தும் ஒருவர் இந்தக் கட்டுரைக்கு வந்தார். சிரித்த முகம் என்பது புகழ்ச்சி என்று நீக்கினார், அவள் சிரிப்பது நின்றது. தழும்புக்கும் பாட்டுக்கும் பக்கத்தில் ‘சான்று தேவை’ என்று குறித்தார். தழும்பு மங்கியது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கட்டுரையையே நீக்கலாமா என்று விவாதத்துக்கு வைத்தார். ரொம்ப மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். ஒருவருக்குக் கட்டுரை வேண்டுமென்றால், அவரோடு சம்பந்தமில்லாதவர்கள் அவரைப் பற்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். இங்கே இருப்பது செய்தித்தாள் துண்டுகள் இரண்டு. ஒன்று வாரியத்தின் பதவி உயர்வுப் பட்டியல், மற்றது மரண அறிவிப்பு. அறிவிப்பைக் கொடுத்தவர் கணவர். ஒரு வாரம் அவகாசம்.

அவன் சான்று தேடி வாரியத்துக்கு ஓடினான். அவளோடு வேலை செய்த மேஸ்திரி தேநீரை ஆற்றியபடி சொன்னார்: “வெடிச்ச பைப்பு பேப்பர்ல வரும் தம்பி. உங்க வீட்டம்மாவால வெடிக்காமப் போன பைப்ப எவன் எழுதுவான்?”

கெடுத்தது பாசம்தான். மாமியாரும் மச்சானும் உறவுக்காரர்களும் வீடு நிறைய வந்து, அவனுடைய ஒரே கணினியில் வரிசையாக உட்கார்ந்து, ஆளுக்கொரு கணக்குத் திறந்து, விவாதத்தில் ‘கட்டுரை இருக்கட்டும்’ என்று எழுதினார்கள். ஒரே வீடு, ஒரே கணினி, ஒரே நாள். இவர்கள் எல்லாரும் ஒருவரே என்று கத்தரிக்கோல் தீர்ப்பு எழுதினார். அன்று முழுக்க அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் தும்மல் வந்தது.

“நானும் இவனும் ஒரே ஆளாமே மாப்ள!” மாமியார் மகனைக் காட்டிக் கத்தினாள். “பொறந்ததுலேர்ந்து ஒரு நாள் என் பேச்சக் கேட்டிருப்பானா இவன்?”

“விடும்மா. இப்பத்தான் சேர்ந்து தும்முறோம்ல,” என்றான் மச்சான்.

யாரும் சிரிக்கவில்லை. கம்பியோடு கூடத்தைக் கடந்துபோனவளும் சிரிக்கவில்லை. அவளிடம்தான் அது இல்லையே.

கடைசி நாள் அவன் கத்தரிக்கோலுக்கு எழுதினான்: “கட்டுரை போனா அவளும் போயிடுவா சார்.” பதில் உடனே வந்தது. “தெரியும். என் அப்பாவுக்கும் ஒன்று இருந்தது. நான்தான் நீக்கினேன். விதி எல்லாருக்கும் ஒன்றுதான். வேண்டுமானால் வரைவாக உங்கள் கணக்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். தேடினால் யாருக்கும் கிடைக்காது. ஆறு மாதம் கை படாமல் இருந்தால் தானாக அழிந்துவிடும். அப்பாவின் வரைவைத் தொட நான் மறந்துவிட்டேன்.”

அன்றிரவே கட்டுரையை வரைவாக மாற்றினான். மறுநாள் மாமியார் வந்து வீடு முழுக்கத் தேடினாள். மகள் கிடைக்கவில்லை. அழுது ஓய்ந்து, மகள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலேயே உட்காரப் போனாள். “அதுல வேணாம் அத்தை,” என்று வேறொன்றை இழுத்துப் போட்டான். அவள் காரணம் கேட்கவில்லை. அதன் பிறகு எப்போது வந்தாலும் அந்த இன்னொரு நாற்காலியில்தான் உட்கார்ந்தாள்.

வரைவைத் திருத்த யாரும் வருவதில்லை. சிரித்த முகத்தைத் திரும்ப எழுதினான், சிரித்தாள். பாட்டை எழுதப் போனபோது எந்தப் பாட்டு என்று ஞாபகம் வரவில்லை. சான்று கேட்க ஆளில்லாத இடத்தில் அவனே கேட்டுக்கொண்டான். விட்டுவிட்டான்.

வருஷங்கள் போயின. அவனுக்கே பார்வை குறைந்து, தன் கடைக் கண்ணாடியைத் தானே மாட்டிக்கொண்டான். ஆறு மாதம் முடிவதற்குள் வரைவைத் திறந்து, கணவரைப் பற்றிய வரியை மேலே ஏற்றுவான், அடுத்த முறை கீழே இறக்குவான். புதிதாகச் சேர்க்க அவனிடம் எதுவும் இல்லை. வரி மேலே இருக்கும் மாதங்களில் அவள் காலையில் முதலில் அவனிடம் வருவாள். கீழே இருக்கும் மாதங்களில் வீட்டுக் குழாய் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, இருட்டும் நேரத்தில் வருவாள். இப்போது கீழே இருக்கிறது. அவன் கடையை அவசரமாகப் பூட்டுவதில்லை.